நடுவுலகக் கதையில் நாம் கொண்ட பிழைகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யான் மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரிபவன். இலக்கியம் பேசும் தகுதி எனக்குண்டு என்று கூறத் துணியேன். எனினும், ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் எழுதி, 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நாவலை, அகராதியின் துணைகொண்டு ஓராண்டு முயன்று படித்து முடித்தேன். திரைப்படமாக அதனைக் கண்டு களித்த நம்மிடையே வழங்கும் சில தவறான எண்ணங்களை எடுத்துரைக்க விழைகிறேன்.

‘மோதிரங்களின் தலைவன்’ என்பது கதைநாயகன் பிரோடோவைக் குறிக்கும் என்பர் சிலர். அன்று, மோதிரத்தை வார்த்த கொடியோன் சாரானையே அது குறிக்கும்.

நடுவுலகம் வேறொரு கிரகம் என்பர். நாம் வாழும் இப்பூமியின் கற்பனையான பழங்காலமே அஃது என்பது ஆசிரியர் தந்த விளக்கம்.

காண்டால்ப், மந்திரம் கற்ற மானிடக் கிழவர் என்பர். அவரோ, கடலுக்கப்பாலிருந்து கிழவர் உருவில் அனுப்பப்பட்ட தேவகணத்தவர்.

மோதிரம் அணுகுண்டின் உருவகம் என்போரும் உளர். இக்கதை எதன் உருவகமும் அன்று எனத் தம் முன்னுரையிலேயே டோல்கீன் மறுத்துள்ளார்.

இனி, யானே கொண்டிருந்த பிழைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் மகன் தேர்வில் தவறினான். “பிரோடோவைப் பார்! கடைசிவரை தளராமல் சென்று மோதிரத்தை நெருப்பில் எறிந்தான். நீயோ தோற்று வந்து நிற்கிறாய்!” என்று விருந்தினர் முன்னிலையில் கடிந்தேன். “அப்பா, பிரோடோவும் கடைசியில் தவறினான். புத்தகத்தைப் பாருங்கள்” என்று மட்டும் சொல்லி அவன் உள்ளே சென்றுவிட்டான். அன்றுதான் அந்நூலைக் கையில் எடுத்தேன்.

அவன் கூறியதே உண்மை. எரிமலையின் விளிம்பில் பிரோடோ மோதிரத்தை எறியவில்லை. தனதெனக் கூறி அணிந்துகொண்டான். கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்தான். களிப்பில் கூத்தாடிக் கால் தவறி, மோதிரத்தோடு நெருப்பில் வீழ்ந்தான். 2003 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இருவரும் போராடுவர். நூலில் அவனைத் தள்ளுவார் எவருமிலர்.

அந்தக் கோல்லம் அதுவரை உயிரோடிருந்தது எதனால்? முதலில் பில்போ, பின்னர் பிரோடோ, இறுதியில் தோட்டக்காரன் சாம் ஆகிய மூவரும் கொல்லும் வாய்ப்பிருந்தும் இரங்கி விடுத்தனர். வாள் செய்யவியலாததை அவ்விரக்கம் செய்தது. தன் ஆற்றல் முழுவதும் செலவிட்டபின் தவறியவனைப் பழித்தல் தகாது என்பதே ஆசிரியரின் கருத்தும் ஆகும்.

என் மகன் எவ்வளவு உழைத்தான் என்று அன்று யான் கேட்கவேயில்லை. அவன் இன்று இவ்வவையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறான். பலர் முன் கடிந்த யான், பலர் முன்னிலையிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டு அமர்கிறேன்.