பெட்டிக்குள் பெட்டி!

(செயல்வீரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இல்லத்தைச் சோதனையிட வருவோர் பெட்டியைத் திறப்பர், பேழையைப் புரட்டுவர், பரணிலுள்ள பழந்தாளையும் விடார். ஆயினும் அவர்கட்குக் கிட்டுவது அந்த ஒரு வீட்டின் பொருள்தான். இன்று கேட்கப்படுவதோ கைப்பேசி! அதனைத் திறந்தால், கிளைச் செயலாளரின் எண், கூட்டத்துக்கு வந்தோர் பெயர், நன்கொடை தந்தவர், துணைவியாரின் மருத்துவச் சீட்டு, அத்தனையும் வெளியே வந்து விழும். திறந்து கொடுப்பவர் ஒருவர். அகப்படுவோர் நூறு பேர்!

இதற்கொரு தந்திரம் கண்டனர் அறிவியலார். ஒரு கடவுச்சொல்லுக்கு ஓர் அறை திறக்கும். உள்ளே மற்றோர் அறை இருப்பதே தெரியாது. 1997-இல் ஜூலியன் அசாஞ்சும் நண்பர்களும் மனித உரிமைப் பணியாளர்க்கென அத்தகைய கருவியொன்றை ஆக்கி, 'ரப்பர்ஹோஸ்' எனப் பெயரிட்டனர். ரப்பர் குழாயால் அடித்து இரகசியத்தைக் கறக்கும் கொடுமையைக் குறிக்கும் பெயர் அது.

"அருமையான வழி, நாமும் கைக்கொள்வோமே!" என்று துள்ளுகின்றனர் இளைஞர் சிலர். சற்றே பொறுங்கள். இரண்டாம் அறை உண்டென்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது; மெத்தச் சரி. இல்லையென்று மெய்ப்பிக்கவும் இயலாதே! அனைத்தையும் திறந்து காட்டிவிட்ட அப்பாவி, "இன்னொன்று இருக்கிறது, எடு" என்று அடிப்பவனிடம் எதைக் காட்டி மீள்வான்? தந்திரம் காக்காது, தோழர்களே. சட்டம்தான் காக்க வேண்டும்.

சட்டம் என் செய்கிறது? இங்கிலாந்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்படி கேட்டும் கடவுச்சொல்லைத் தர மறுப்போர்க்கு ஈராண்டு வரை, நாட்டுப் பாதுகாப்பு வழக்கெனில் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. நமது அரசியல் சட்டமோ, குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகத் தாமே சாட்சியாகும்படி வற்புறுத்தலாகாது என்று 20(3)-ஆம் பிரிவில் உறுதி தருகிறது. ஆனால் விரல்ரேகை தருவது அத்தகைய சாட்சியமாகாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அன்று ரேகை ஆளை அடையாளங்காட்டிற்று. இன்று அதே விரல் பூட்டையே திறக்கிறதே! நெஞ்சுக்குள் இருக்கும் கடவுச்சொல்? அதைத் தரச்செய்வதும் சாட்சியமன்று என்றது 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம். வற்புறுத்தலாகாது என்றது 2022-இல் டில்லிச் சிறப்பு நீதிமன்றம் ஒன்று.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் 9 நீதிபதிகள் ஒருமித்து உரைத்தனர். அவ்வுரிமைக்கு வேலி கேட்போம்! எவர் ஆணையின் பேரில், எக்குற்றத்துக்காக, கைப்பேசியின் எப்பகுதியை, எத்தனை நாள் என்று ஊர்தோறும் வினவுவோம். வழக்கு வந்தபின் எதையும் அழிக்காதீர்கள், அது குற்றம். கூட்டம் முடிந்தபின் தேவையற்றுப்போன பெயர்ப்பட்டியலைக் கைப்பேசியில் சுமந்து திரியாதீர்கள். விரற்பூட்டை நீக்கி, நீண்டதொரு கடவுச்சொல்லை இன்றிரவே இடுங்கள்.