முகக்கவசத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை

தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



தொழிலகப் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது விபத்துதான். கொதிகலன் வெடிக்கிறது, இயந்திரத்தில் கை சிக்குகிறது, சாரம் சரிகிறது. அன்று மாலையே ஆலை வாயிலில் கூடுகிறோம், இழப்பீடு கோருகிறோம், வழக்குப் பதிய வைக்கிறோம். அவசியமான போராட்டம் அது. ஆனால், ஓசையின்றிக் கொல்லும் ஆலைகளின் வாயிலில் நாம் கூடுவதில்லை. ஏனெனில் அங்கே யாரும் இறப்பதில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகே இறக்கிறார்கள்.

குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் கல்லை அரைத்து மாவாக்கும் ஆலைகள் இயங்கின. கண்ணாடித் தொழிலுக்கு அந்த மாவு மூலப்பொருள். வேலைக்கு வந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களின் ஆதிவாசிகள். சொந்த நிலம் சோறு போடாததால் மாநில எல்லை கடந்து பிழைக்க வந்தவர்கள். மூடிய கொட்டகைக்குள் வெண்புழுதியில் வேலை செய்து, மூச்சுத் திணறலோடு ஊர் திரும்பி, ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010இல் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. அதை வழங்கியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2016இல். இடையில் ஆறு ஆண்டுகள்.

அவர்களைக் கொன்ற நோயின் பெயர் சிலிக்கோசிஸ். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெருமளவு தடுத்துவிடும். சில மைக்ரான் அளவேயான நுண்தூசி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும். அதை விழுங்க வரும் பாதுகாப்பு அணுக்கள் மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பேறிய நுரையீரல் மீண்டும் விரியாது. நோயை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். அதனால்தான் மருத்துவமனையில் காசநோய் என்றே எழுதப்பட்டு, உண்மையான காரணம் புதைந்துபோகிறது. நோயாளியிடம் ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தொழில்நோய்கள் பற்றிய தமது நூலில் வலியுறுத்தினார். நமது அரசு மருத்துவமனைகளின் சீட்டில் அந்தக் கேள்விக்கு இன்னும் இடமில்லை.

இங்கேதான் தொழிலக சுகாதாரவியல் என்ற துறை வருகிறது. சுகாதாரம் என்றதும் கழிப்பறை, குடிநீர் என்று சுருக்கிவிடக் கூடாது. அவையும் தேவை, ஆனால் அது வேறு. வேலையிடத்தில் எது உடலைக் கெடுக்கும் என்பதை முன்கூட்டி உணர்தல், அது இருக்கிறதா என்று கண்டறிதல், எவ்வளவு இருக்கிறது என்று அளத்தல், அதைக் கட்டுப்படுத்தல் - இதுவே அத்துறையின் வேலை. மருத்துவர் தொழிலாளியின் உடலைச் சோதிக்கிறார். சுகாதாரவியலோ ஆலையைச் சோதிக்கிறது. தொழிலாளியின் எக்ஸ்-ரேயில் நோய் தெரிகிறது என்றால் ஆலையைச் சோதிக்க வேண்டியவர்கள் பல ஆண்டுகள் தவறிவிட்டார்கள் என்று பொருள்.

கட்டுப்படுத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளை அறவே நீக்க முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாவிட்டால் மாற்றுப் பொருள் உண்டா? வார்ப்புகளை மணல் பீய்ச்சித் துலக்கும் வழக்கத்துக்கு பிரிட்டன் 1949இலேயே தடை விதித்தது. எஃகுக் குருணை அந்த வேலையைச் செய்தது. மாற்றும் இல்லையா? இயந்திரத்தை மூடு, தண்ணீர் தெளி, தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்று. அதற்கும் பிறகே வேலை நேரத்தைக் குறைத்தல், ஆட்களைச் சுழற்சியில் மாற்றுதல். முகக்கவசம் இந்த வரிசையின் கடைசிப் படி.

நம் நாட்டு முதலாளிகள் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கேயே முடித்தும் கொள்கிறார்கள். ஒரு துணிக் கவசத்தைக் கொடுத்துவிட்டு, “நான் கொடுத்தேன், அவன் போடவில்லை” என்கிறார்கள். துணி இந்த நுண்தூசியைத் தடுக்காது. முறையான வடிகட்டி உள்ள கவசத்தையோ, கோடை வெயிலில் சம்மட்டி தூக்கும் ஒருவர் எட்டு மணி நேரம் அணிந்திருக்க இயலாது. உற்பத்தி அளவுக்கேற்பக் கூலி பெறுபவர் மூச்சு வாங்க நின்றால் கூலி குறையும். ஆலையின் குற்றம் இப்படித்தான் தொழிலாளியின் அலட்சியமாக மாற்றப்படுகிறது. நமது கோரிக்கைப் பட்டியல்களிலும் ‘முகக்கவசம் வழங்கு’ என்பதே முதலில் நிற்கிறது என்பதைத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ நூலில் ஷெஃபீல்டு நகரச் சாணைத் தொழிலாளரைப் பற்றி எழுதியிருக்கிறார். உலர்ந்த கல்லில் சாணை பிடித்தவர்களின் சராசரி ஆயுள் 35 வயதை எட்டுவதே அரிது. நனைந்த கல்லில் பிடித்தவர்கள் 45 வரை பிழைத்தார்கள். பத்தாண்டு ஆயுளின் விலை கொஞ்சம் தண்ணீர்! தூசியை இழுத்துச் செல்லும் அமைப்பும் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அதைத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள். சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். வேலை பாதுகாப்பானதாகிவிட்டால் ஆட்கள் திரண்டு வருவார்கள், கூலி விழும் என்பது அவர்கள் அச்சம். அறியாமை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கூலிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் உடல்நலம் பற்றி நாம் பேசினால், ‘ஆலையை மூடிவிடுவார்களே’ என்று இன்றும் தொழிலாளி நம்மிடம்தான் கேட்பார். இரண்டையும் சேர்த்தே கோர வேண்டியிருக்கிறது.

சட்டத்தைப் பார்ப்போம். 1984 போபால் படுகொலைக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்து பற்றிய தகவலைப் பெறும் உரிமை, பாதுகாப்புக் குழுவில் சரிபாதி இடம், உடனடி ஆபத்தை எச்சரிக்கும் உரிமை ஆகியவை எழுத்தில் வந்தன. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்றது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை முடிந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை மருத்துவப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நோய் தாமதமாகவே வெளிப்படும் என்பதைப் புரிந்துகொண்ட உத்தரவு இது.

2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையைப் புறக்கணித்திருந்த நிலையில், மோடி அரசு நிறைவேற்றிய சட்டத் தொகுப்பு எதிர்த்திசையில் செல்கிறது. மின்சாரத்தில் இயங்கும் ஆலைக்குத் தொழிலாளர் வரம்பு 10இலிருந்து 20ஆகவும், மின்சாரம் இல்லாததற்கு 20இலிருந்து 40ஆகவும் உயர்த்தப்பட்டது. கல் உடைக்கும், அரைக்கும் சிறு கூடங்கள் பல இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆய்வாளர் இனி ‘எளிதாக்குநர்’ ஆகவும் இருப்பாராம். யாருக்கு எளிதாக்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கும் இடங்களுக்கு இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது. கல் அரைவையை அப்படி அறிவிக்கச் செய்வது சங்கங்களின் உடனடிக் கோரிக்கையாக வேண்டும்.

ராஜஸ்தானில் சுரங்க, கல்குவாரித் தொழிலாளர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2019இல் தூசிநோய்க்கென மாநில அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். நல்ல வெற்றி. ஆனால் பணத்தைத் தருவது அரசு. தூசியைக் கிளப்பியவர் கல்லை விற்றுக்கொண்டே இருக்கிறார்.

அடுத்த வகுப்புக்கு வருமுன் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் ஒரு கூடத்துக்குச் சென்று பாருங்கள். தூசி எங்கே எழுகிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, இருந்தால் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கிறதா, தூசியை அளந்த பதிவேடு எங்கே என்று கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளில் ‘உடல் சரியில்லை’ என்று ஊர் போனவர்கள் யார், எந்த ஊர், இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தொழிலாளர்களிடம் விசாரித்துப் பெயர் பெயராக எழுதிக்கொண்டு வாருங்கள்.