மண்ணில் எழும் தமிழகம்
(பள்ளிகொண்டாவில் பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் தம் மாநிலத்தைக் கையால் செய்து அறிதல் வேண்டும். பள்ளி முற்றத்தில் ஓரடிக்கு 60 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டுக் கோடிட்டால், ஏறக்குறைய பத்தடியில் தமிழகம் அடங்கும். வண்டலைக் குழைத்து மேற்குத் தொடர்ச்சி மலையையும் நம் ஜவ்வாது மலையையும் எழுப்பலாம். மாநில விலங்கான வரையாட்டைக் களிமண்ணில் செய்து மலைமேல் நிறுத்தலாம். கரிகிரி மண்பாண்டத்திற்குப் பெயர் பெற்ற இம்மாவட்டத்தில் கைத்திறனுக்குக் குறைவில்லை.

தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடும் பாலாறு நான்கடிக்குள் அடங்கும். அதற்கு நீல வண்ணம் தீட்டும் குழந்தை, "நம் ஆற்றில் மணல்தானே தெரிகிறது?" என்று வினவும். 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளக் காலம் நீங்கலாக, அக்கேள்வி நியாயமானதே. அதனை அடக்கலாகாது. மேலே தேக்கிய நீர், அளவின்றி அள்ளிய மணல், தோல் பதனிடும் கழிவால் கெட்ட கிணறுகள், அது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆகியவற்றை எளிய சொற்களில் விளக்க வேண்டும். அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுவதையும் மறைக்க வேண்டா.

இதற்குப் பெருஞ்செலவில்லை. அனுமதி பெற்று எடுத்த வண்டலில் ஒரு வண்டியை உழவர் தரட்டும். சுண்ணாம்பும் வண்ணமும் பஞ்சாயத்து தரட்டும். ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்த முதியோர் ஒரு மாலை பள்ளிக்கு வந்து அக்காலத்தைச் சொல்லட்டும். இன்று காரணம் கேட்கும் பிள்ளைகளே நாளை பஞ்சாயத்தில் அமர்ந்து ஆற்றைக் காக்க வேண்டியவர்கள்.