ஸா பிடிங்க!

அவைத்தலைவர் அவர்களே, பாட வந்திருக்கிற பிள்ளைகளே, நமக்குப் பாட வராது என்று பின்வரிசையில் பதுங்கியிருக்கிற பெரியவர்களே, வணக்கம்.

இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிஷம். பரவாயில்லை, தமிழ் சினிமா அவருக்கு அந்த அளவுகூட இடம் கொடுக்கவில்லை. (கைதட்டல்)

1960. 'பாதை தெரியுது பார்'. ஜெயகாந்தன் எழுதிய தென்னங்கீற்றுப் பாட்டு... பாருங்க, சொன்னதுமே முன்வரிசையில் தலை ஆடுது! அந்த மெட்டைப் போட்டவருக்குத் தமிழில் கிடைத்த படங்களை எண்ண இரண்டு கை விரல் போதும். ஏன், பாட்டு வரலையா? கேரளத்துக்காரனிடம் கேளுங்கள். யேசுதாஸ் குரல் முதன்முதலாக சினிமாவுக்குப் பதிவானது இவர் இசையில். 1961இல், 'கால்பாடுகள்' படத்துக்கு, நாராயண குருவின் வரிகள்.

என் கணக்கு இதுதான்: வயலின்காரனுக்கும் தபலாக்காரனுக்கும் சங்கம் கட்டினாரே, அதுதான் குற்றம். மெட்டுப் போடுகிற கை கொடி பிடித்தால் முதலாளிக்கு ஆகுமா?

சரி, அதை விடுங்க. 70களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஆரம்பிக்கிறார். பாரதி பாட்டைப் பல குரலுக்குப் பிரித்து எழுதுகிறார். பல குரல் என்றால் கோஷ்டி கானம் இல்லை. செய்து பார்த்துவிடலாம். வலது பக்கம், ஸா பிடிங்க. விடாதீங்க! இடது பக்கம், பா. அண்ணே, நீங்க அவங்க ஸாவுக்குப் போயிட்டீங்க, திரும்பி வாங்க. (சிரிப்பு) ஆங்... கேட்டுச்சா? அடுத்தவன் சுரத்தைக் காதில் வாங்கிக்கொண்டே தன் சுரத்தை விடாமல் நிற்கணும். குடும்பத்திலேயே முடியவில்லை நமக்கு!

மூன்றாவது வரிசையில் ஒருத்தர் இருக்கிறார். பேரைச் சொல்லாதே என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். ஆபீஸ் விட்டதும் டிபன் டப்பாவோடு பஸ் பிடித்து ஒத்திகைக்குப் போவாராம். இத்தனை வருஷத்தில் தனியாக ஒரு வரி பாடினதில்லை. "என் குரல் தனியாக் கேட்டா அன்னைக்கு நான் தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்" என்கிறார்.

இப்போ சில பேர் இருக்காங்க. ஒரே குரலைக் கம்ப்யூட்டரில் நாற்பது தடவை ஒட்டிவிட்டு, கோரஸ் என்கிறார்கள். நாற்பது பேருக்குக் காபி வாங்கிக் கொடுக்கிற செலவு மிச்சம்! (கைதட்டல்) பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் நாற்பது தடவை போட்டுவிடுவார்கள்.

மணி அடிக்கிறார் தலைவர். முடிக்கிறேன். 1988 மார்ச் 9. எம்.பி.எஸ். இறந்தது சென்னையில் இல்லை. சினிமா ஸ்டுடியோவிலும் இல்லை. லட்சத்தீவில். சேர்ந்து பாடச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாரத்துக்கு ஒரு பீரியட், பிள்ளைகள் சேர்ந்து பாட விடுங்கள். கணக்கு வாத்தியார் அந்த ஒரு பீரியடைக் கடன் கேட்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது வரிசை ஐயா, மேடைக்கு வரவேண்டாம், அங்கேயே எழுந்திருங்க. மைக்கும் வேண்டாமா? சரி. நீங்க எடுத்துக் கொடுங்க. வலது பக்கம், ஸா.