மறுப்பைக் கடிதமாக வாங்குங்கள்
(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் கிளைக்கு ஓர் அம்மா வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதியை எடுக்கப் போனபோது சில வருஷங்களுக்குக் காசு கட்டியதாகக் கணக்கில் இல்லை. சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினார்கள். தோட்டம் தன் பங்காக 12 சதவீதம் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். தோட்டமோ எல்லாம் கட்டியாச்சு என்கிறது. அப்படியானால் பதிவைக் காட்டுங்கள் என்று அம்மா ஓர் அரச அலுவலகத்தில் கேட்டார். "அது கம்பனி விஷயம், தர ஏலாது" என்றார்கள். அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். அன்றைய பேரும் போச்சு.

நாம் கேட்டது ஒரே கேள்வி: அதை எழுதித் தந்தார்களா? இல்லை.

அங்கேதான் நாம் தோற்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் நம்மிடம் காரணம் கேட்க முடியாது. தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கையை ஏற்றதற்குத் துண்டு தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும்.

மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவர் மூன்று வாரத்தில் தீர்மானிக்க வேண்டும். அங்கேயும் கைவிரித்தால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. சட்டப்படி நடந்தோம் என்று ஆணைக்குழு முன் நிரூபிக்க வேண்டிய பாரம் அலுவலகத்தின் தலையில்தான். அம்மாவின் தலையில் அல்ல. வர்த்தக இரகசியம் என்று சொல்லி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பொதுநலன் பெரிதென்றால் அந்தக் காரணமும் நிற்காது. தன் சம்பளத்தில் வெட்டிய காசு எங்கே என்று ஒருவர் கேட்பது யாருடைய இரகசியம்?

ஆணைக்குழுவின் முடிவும் கடைசி அல்ல. ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். நாம் மட்டுமல்ல, அலுவலகமும் போகலாம். இதைக் கவனியுங்கள்: நாம் வென்றாலும் நம்மைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. சொத்து விபரம் ஒப்படைத்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை 2018இல் ஒரு பத்திரிகையாளர் கேட்டார். சொத்து விபரத்தையே அல்ல, ஒப்படைத்தவர்கள் யார் என்பதைத்தான். பாராளுமன்றம் மறுத்தது. கொடுங்கள் என்று ஆணைக்குழு 2021இல் கட்டளையிட்டது. பாராளுமன்றத் தரப்பு நீதிமன்றம் போனது. 2023 பெப்ரவரியில் நீதிமன்றம் அந்த முறையீட்டைத் தள்ளி, ஆணைக்குழுவின் கட்டளையை நிலைநிறுத்தியது. ஒரு பெயர்ப் பட்டியலுக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம்! தனி ஆளாக நம் அம்மா அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பாரா? வழக்கறிஞர் செலவுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். கூட நிற்பது சங்கத்தின் வேலை.

கோர்ட் என்றால் நம் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். காரணம் இருக்கிறது. 1948 சட்டம் நம் தாத்தா பாட்டிமாரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. கோடகன் பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1953இல் தோற்றது. தகவல் கேட்கும் உரிமையை இந்தச் சட்டம் 'பிரஜை'க்குத்தான் கொடுக்கிறது. 2003க்குப் பிறகுதான் நம்மில் மிச்சமிருந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் வந்தோம். அதனால் இந்தச் சட்டத்தை மற்றவர்களைவிட அதிகமாக நாம் பாவிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஆணைக்குழுவும் நீதிமன்றமும் பார்ப்பது கடதாசியை. எந்தத் தேதியில் கேட்டோம், என்ன கேட்டோம், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்? கவுண்டரில் வாயால் சொன்னதற்கு அங்கே சாட்சியில்லை. பதிலே வரவில்லையென்றால் அதுவும் மேன்முறையீடு செய்யக் காரணம்தான். ஆனால் நாம் கேட்டதற்கான துண்டு கையில் இருக்க வேண்டும்.

அம்மாவின் கோரிக்கையை மாதம் வாரியாகப் பிரித்துத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டோம். துண்டு வாங்கி ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை 14ஆவது வேலை நாள். பதில் வராவிட்டால் ஞாயிறு காலை சங்கக் காரியாலயத்தில் மேன்முறையீட்டை எழுதுவோம். உங்கள் லயத்திலும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால், பழைய சம்பளத் துண்டுகளோடு கூட்டி வாருங்கள்.