நியாயஸ்தலத்தின் வாயிலிலே

பிள்ளைகள் பட்டம் பெறுவதைக் காண்பதற்காக மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் தாய்தந்தையரே, இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, யுவதிகளே,

சட்டம் பயின்றவர்கள் இந்தப் பட்டதாரிகளுள் ஒருவருமில்லை. மொழியும் தொடர்பாடலும் பயின்றவர்கள் ஒரு சாரார், சித்த மருத்துவம் பயின்றவர்கள் ஒரு சாரார், கணினியியல் பயின்றவர்கள் இன்னொரு சாரார். அவ்வாறிருந்தும் மேல் நீதிமன்றத்தைப் பற்றியே இன்று பேசுவதென்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எத்துணை மேன்மை வாய்ந்த நியாயஸ்தலமாயினும் தன் வாயிலுக்கு வந்து சேர்ந்த சாட்சியத்தைக் கொண்டு மாத்திரமே அது நியாயம் சொல்ல முடியும். அந்தச் சாட்சியத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சட்டத்தரணிகளல்லர், உங்களைப் போன்றவர்களே.

முன்னொரு காலத்திலே இந்தத் திருகோணமலை நகரில் ஒரு தாயின் மகன் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டால், அவனை மன்றின் முன் நிறுத்தும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனுவைச் சுமந்துகொண்டு அவள் கொழும்புக்கே போகவேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணந்தோறும் மேல் நீதிமன்றங்களை ஸ்தாபித்து, தம் மாகாணத்தினுள்ளே தடுத்து வைக்கப்பட்டவரைக் கொணருமாறு கட்டளையிடும் அதிகாரத்தை அவற்றுக்கு வழங்கியது; அதன் வழிவந்த 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நடைமுறையை வகுத்தது. அந்தத் திருத்தத்தைப் பற்றிய அரசியல் வாதங்களிலே அதிகம் பேசப்படாத இந்த ஒரு பிரிவை, அதன் மிகப் பெரிய கொடை என்றே நான் கருதுகிறேன். ஆனால் அடிப்படை உரிமை மீறல் மனு இன்னும் உயர் நீதிமன்றத்துக்கே உரியது. ஒரு மாத காலத்தினுள் அங்கே தாக்கல் செய்யப்பட வேண்டியது. மீன்பிடிக் கிராமத்துப் பெண்ணொருத்திக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதை இந்த மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அம்மனுவை விசாரிக்கும் அதிகாரமும் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு வரவேண்டும்.

இனி, நம் மாவட்டத்து வழக்கொன்றுக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, கிளிவெட்டிக்கு அண்மையிலுள்ள குமாரபுரம் என்ற கிராமத்திலே பெண்களும் குழந்தைகளும் உட்பட 24 பேர் கொல்லப்பட்டனர். இராணுவத்தினர் மீது தொடுக்கப்பட்ட அவ்வழக்கு திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, சம்பவம் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே சிங்களம் பேசும் ஜூரிகள் சபையின் முன் விளங்கப்பட்டு, எதிரிகள் அறுவரும் விடுதலையாயினர். தீர்ப்பைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுப் போகிறவர்கள், அந்தச் சாட்சிகள் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ்செய்து, தாம் அறியாத பாஷையிலே நடக்கும் ஒரு மன்றில் ஏறி நின்ற கோலத்தை நினைப்பதில்லை.

சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவே நிற்பவரைச் சற்று உற்று நோக்குங்கள். நம் நீதிமன்றங்களிலே முதலியார் என்று இன்றும் அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் அவர். கூண்டில் நிற்கும் மூதாட்டி, “அவரைப் போலத்தான் கிடந்தது” என்கிறாள். அந்தப் ‘போல’ என்ற இரண்டெழுத்து மறு பாஷைக்குப் போகும் வழியிலே தவறிவிடுமாயின் குற்றமற்ற ஒருவன் சிறைக்குப் போகக்கூடும். “அவரேதான்” என்று அவள் அறுதியிட்டுச் சொன்னது ‘அவரைப் போல’ என்று தேய்ந்துவிடுமாயின் கொலைசெய்தவன் வீட்டுக்குப் போகக்கூடும். மேன்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் படிக்கப்போவதும் அந்த மூதாட்டியின் குரலையன்று, முதலியாரின் வாக்கியம் ஏறிய பதிவேட்டையே.

மற்றொரு வழக்கு மேல் நீதிமன்றத்தின் வாயிலையே காணவில்லை. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே, நீங்களும் உங்கள் சிநேகிதர்களும் எத்தனையோ மாலைகளில் அமர்ந்திருந்த அதே கடற்கரையிலே, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிலே சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்களோ, அவ்வுடல்களிலே துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தொடர்பாடல் பயின்ற பிள்ளைகளே, அவருடைய கையில் இருந்தது ஒரு கமரா மாத்திரமே.

அந்த வழக்கிலே 2013ஆம் ஆண்டு கைதான விசேட அதிரடிப் படையினரும் பொலிஸ் அதிகாரி ஒருவருமாகிய 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவானால் விடுவிக்கப்பட்டனர். சாட்சியம் இல்லாமற் போனதன் காரணம் இவ்வூர் அறிந்தது: கண்டவர்கள் அஞ்சினார்கள், அஞ்சியவர்களுட் பலர் நாட்டைவிட்டே போனார்கள். சாட்சிகளைப் பாதுகாப்பதற்கென 2015ஆம் ஆண்டிலே 4ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. நீதவானைக் குறைகூறுவது எனது எண்ணமன்று. வெறுங்கையோடு வந்த ஒரு வழக்கை எந்த நீதிபதியும் தன் சொந்த அனுமானத்தினால் நிரப்ப முடியாது, நிரப்பவும் கூடாது.

இதற்கு மாறாக, 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடியொன்றில் காணாமற்போன பாடசாலை மாணவியின் வழக்கை நினைவுகூருங்கள். அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவருங்கூடத் திரும்பி வரவில்லை. ஆயினும் செய்தியும் ஆட்சேபமும் ஓயாதிருந்தமையால் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டு, கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட மன்று 1998ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே படையினருக்குத் தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் அம்மன்றிலேயே யாழ்ப்பாணத்துச் செம்மணியிலுள்ள புதைகுழிகளைப் பற்றி வாய்திறந்தார். மறு ஆண்டு அங்கே பதினைந்து எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அதே நாடு, அதே சட்டம், அதே யுத்தகாலம். ஓரிடத்தில் சாட்சியம் மன்றை வந்தடைந்தது, மற்றோரிடத்தில் வந்தடையவில்லை.

மருத்துவம் பயின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் முதலாக நம் நாட்டின் பொதுவிதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததைச் செல்லுமென்று ஆக்கி, அது பலவந்தத்தினால் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே ஏற்றிவிட்டது. பூட்டிய அறையினுள் நடந்ததைத் தனியொருவன் எவ்விதம் நிரூபிப்பான்? சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை ஒன்றுண்டு. ஆனால் விடுதலையாகி வந்தவன் முதலில் நாடுவது பல வேளைகளிலே ஊர் வைத்தியரைத்தான். அன்று நீங்கள் எண்ணெய் பூசி அனுப்புவதோடு நில்லாமல், காயம் எந்த அங்கத்தில், எவ்வளவு நீளத்தில், எத்தனை நாட் பழையதாய் இருந்தது என்பதைத் திகதியிட்டு உங்கள் பதிவேட்டில் எழுதி வையுங்கள். கணினி பயின்றவர்களும் அறிந்துகொள்ளுங்கள்: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி கணினிப் பதிவும் ஒலி ஒளிப் பதிவும் சாட்சியமாகும்.

இறுதியாக, மொழி பயின்ற பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். தமிழும் சிங்களமும் ஒருங்கே அறிந்து, மூதூர் விவசாயியின் பேச்சும் கிண்ணியா மீனவரின் பேச்சும் செவிக்குப் பழகியவர்கள் நம் நீதிமன்றங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வெளிவரும் வேளையிலே, அதைச் சிறிய உத்தியோகமென்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுள் இரண்டு மூன்று பேராவது விண்ணப்பியுங்கள்.