கழுதை கொண்டுவந்த மனு



வங்கப் பஞ்சத்தை ‘அன்னதாதா’ கதையில் எழுதிய உருது எழுத்தாளர் கிருஷன் சந்தர் (1914–1977), முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவர். 1950களில் இந்தத் தில்லி நகரைப் பற்றி எழுதியபோது அவர் தேர்ந்தெடுத்த கதைசொல்லி ஒரு கழுதை. ‘ஒரு கழுதையின் தன்வரலாறு’ என்ற அந்த நாவலைச் சிரித்தபடி படித்து முடிப்பவர்கள் பலர். அதன் நடுவே நிகழும் ஒரு தொழிலாளியின் சாவை அவர்கள் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்.

பாராபங்கியில் செங்கல் சுமந்த கழுதை செய்தித்தாள் படிக்கக் கற்கிறது. தில்லிக்கு வந்து, ராமு என்ற சலவைத் தொழிலாளியிடம் சேர்கிறது. யமுனைத் துறையில் ராமுவை முதலை கொன்றுவிடுகிறது. அவன் மனைவி மக்களுக்கு நிவாரணம் கேட்டுக் கழுதை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டுகிறது. தில்லியில் மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் மிகையாகத் தோன்றுவது கழுதை பேசுவது மட்டுமே.

மனு ஏன் எங்கும் நிற்கவில்லை? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளியிடம்தான் இழப்பீடு கேட்டது. வீடு வீடாக அழுக்குத் துணி எடுத்த ராமுவுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், முதலாளி இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 2008 ஆயிற்று. அதுவும் திட்டங்கள் வகுக்கச் சொன்னதே தவிர, இன்ன தொகை உரிமை என்று வரையறுக்கவில்லை.

கடைசியில் கழுதை நேருவையே சந்திக்கிறது. நேரு பிரதமராக இருக்கும்போதே அவரைப் பாத்திரமாக்கிய துணிச்சல் பாராட்டத்தக்கது. அவரைக் கனிவானவராகக் காட்டிவிட்டார் என்று குறை கூறுவோர் உண்டு. அது சரியான வாசிப்பன்று. ஒரு மனிதரின் கனிவை நம்பி ஒரு விதவை வாழவேண்டியிருப்பதே நாவலின் குற்றச்சாட்டு. சந்திப்புக்குப் பின் நிருபர்கள் கழுதையைச் சூழ்கிறார்கள். அரசு ஒப்பந்தம் அதன் வசம் இருப்பதாக நம்பிய சேட் ஒருவர் மகளையே மணமுடித்துத் தர முன்வருகிறார். ஒப்பந்தம் இல்லை என்று தெரிந்ததும் அடி விழுகிறது.

புதுமைப்பித்தனின் கதையில் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையைச் சந்தித்த கடவுளும் மனித வாழ்வின் முன் திணறியவர்தான். ஆனால் அவர் மேலிருந்து வந்த விருந்தாளி. கிருஷன் சந்தரின் கழுதையோ இந்தச் சமூகத்தின் செங்கல்லையும் அழுக்குத் துணியையும் முதுகில் சுமந்துகொண்டே, அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. பின்வந்த நாவல்களில் அது பம்பாய்க்கும் நேஃபா எல்லைக்கும் செல்கிறது. ராமுவின் குடும்பத்துக்கான மனுவோடு அது அலைந்தது இந்தத் தில்லியில்தான்.